சென்னையின் எஃப்சி தொடர்ந்து தோற்பதற்கு வீரர்கள் காரணமா, நிர்வாகம் காரணமா? இன்னும் ஏன் அந்த அணியை ஆதரிக்கிறீர்கள்?

நிர்வாகம்தான் காரணம். எனக்கு இதில் சந்தேகமே இல்லை. இராமநாதபுரம் கடற்கரையில், தங்கச்சிமடத்தில் இருந்துகொண்டு, 500 கிலோமீட்டருக்கு அப்பால் ஆடும் ஒரு கால்பந்து அணிக்காக இத்தனை காலம் தொண்டை வற்றக் கத்தியவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

"பையன்களுக்கு வேகம் இல்லை, பந்தைத் துரத்த மாட்டேன் என்கிறார்கள்" என்பதுதான் ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் முதலில் எழும் குரல். எங்கள் ஊரிலும் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். அதே வீரர்கள் வேறு சட்டை போட்டதும் என்ன ஆனார்கள் என்று பாருங்கள். லல்லியன்சுவாலா சாங்தே 2022 ஜனவரியில் நம்மை விட்டு மும்பை சிட்டிக்குப் போனார். அடுத்த சீசனில் இந்தியன் சூப்பர் லீக்கின் (ஐஎஸ்எல்) சிறந்த வீரர் அவர்தான். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஆண்டின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே. அனிருத் தாப்பா சிறு வயதில் நம்மிடம் வந்து, நம் கண் முன்னால் வளர்ந்து, கேப்டன் ஆனவர். 2023இல் மோகன் பகானுக்குப் போனார். போன முதல் சீசனிலேயே லீக் ஷீல்டு, அதாவது லீக் சுற்றில் முதலிடம் பிடிக்கும் அணிக்கான கேடயம், வாங்கிவிட்டார். ஊக்கம் இல்லாதவர்களா இவர்கள்?

எனக்கு இன்றுவரை ஆறாதது பயிற்சியாளர் ஓவன் கோயல் விவகாரம். 2019 டிசம்பரில் அவர் பொறுப்பேற்றபோது அணி பட்டியலின் கீழே தவித்துக்கொண்டிருந்தது. அங்கிருந்து தூக்கி நிறுத்தி இறுதிப் போட்டிவரை கொண்டுபோனார். 2020 மார்ச் 14, பார்வையாளர் ஒருவர்கூட இல்லாத கோவா ஃபதோர்டா மைதானம், ஏடிகே அணியிடம் 3-1 என்று தோற்றோம். எனக்கு அந்தத் தோல்வி வலிக்கவில்லை. அந்த சீசனில் 15 கோல் அடித்த வால்ஸ்கிஸ் இருக்கிறார், கோயல் இருக்கிறார், அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். அடுத்த சீசன் தொடங்குவதற்குள் இருவரும் ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார்கள். 2021-22இல் கோயலின் ஜாம்ஷெட்பூர் லீக் ஷீல்டை வென்றது. நாம் லாஸ்லோ, பாண்டோவிச், பிரடாரிச் என்று மூன்று சீசனுக்கு மூன்று பயிற்சியாளர்களைப் பார்த்தோம். மூன்று சீசனிலும் 11 அணிகளில் எட்டாம் இடம். பாண்டோவிச்சைச் சீசன் முடியும் வரைகூட விட்டுவைக்கவில்லை.

எங்கள் பக்கம் ஒரு சம்மாட்டி (படகு முதலாளி) ஒவ்வொரு முறை கடலுக்குப் போகும்போதும் விசைப்படகின் டிரைவரை மாற்றிக்கொண்டிருந்தால், அந்தப் படகில் ஏற ஆள் கிடைக்காது. வலை எப்படி இருக்கிறது, இஞ்சின் எங்கே திணறும், யார் எந்த வேலைக்குச் சரி என்று ஒருவருக்குப் பிடிபடுவதற்குள் அடுத்தவர் வந்து நிற்பார். நம் கிளப்பில் நடந்ததும் இதுதான். ஒரு பயிற்சியாளரின் ஆட்டமுறைக்காக எடுத்த வீரர்களை வைத்துக்கொண்டு, அதற்கு முற்றிலும் வேறான ஆட்டத்தை ஆடச் சொன்னார் அடுத்தவர்.

"2018-19இல் பயிற்சியாளர் ஜான் கிரகரியை மாற்றவில்லையே, அப்போதும் கடைசி இடம்தானே?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. கோப்பை வென்ற மறு சீசனில் 18 ஆட்டத்தில் 9 புள்ளி மட்டும் எடுத்து, அப்போதிருந்த 10 அணிகளில் பத்தாவதாக முடித்தோம். கோப்பையைத் தூக்கிய கேப்டன் செரெனோ போன பிறகு தடுப்பாட்டத்தில் விழுந்த ஓட்டையை அடைக்கவே முடியவில்லை. ஆக, பயிற்சியாளரை வைத்துக்கொள்வது மட்டும் போதாது. ஐந்தாண்டு கழித்து அணி எப்படி இருக்கவேண்டும் என்று யோசித்து, யாரை எடுப்பது, யாரை எக்காரணம் கொண்டும் விடக்கூடாது என்று முடிவு செய்கிற ஒருவர் கிளப்பில் நிலையாக இருக்கவேண்டும். அவர் பெயர் ரசிகர்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும். தோற்றால் அவர் வந்து பதில் சொல்லவேண்டும். 2023இல் கோயலையே திரும்ப அழைத்து வந்தார்கள். முதல் சீசனில் ஆறாவது இடம், கோப்பைக்கான பிளே-ஆஃப் சுற்றுக்கும் போனோம். 2024-25இல் 13 அணிகளில் பதினொன்றாவது. ஒரே மனிதர், அதே ஊர், இப்படி ஒரு சரிவு.

உரிமையாளர்கள் பணம் போடவில்லை என்று நான் குறை சொல்ல மாட்டேன். லாபம் பார்ப்பதற்காக இந்தியாவில் யாரும் கால்பந்து கிளப் நடத்துவதில்லை. 2025 ஜூலையில் ஒப்பந்தச் சிக்கலால் லீக்கே நிறுத்திவைக்கப்பட்டதற்கும் நம் கிளப்பைப் பழிக்க முடியாது.

இன்னும் ஏன் ஆதரிக்கிறேன் என்ற கேள்விக்கு வருகிறேன். "சித்தப்பா, பேசாமல் மும்பைக்கு மாறிவிடுங்கள்" என்று என் அண்ணன் மகன் உண்மையான அக்கறையோடுதான் சொல்கிறான். அவன் 2015ஐப் பார்க்கவில்லை. அந்த நவம்பரில் அணி பட்டியலின் அடியில் கிடந்தது. டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. சொந்த மண்ணில் ஆடவேண்டிய அரையிறுதியைப் புனேயில் ஆடினார்கள். டிசம்பர் 20, கோவாவில் எஃப்சி கோவா அணியுடன் இறுதிப் போட்டி. ஆட்டம் முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது 2-1 என்று பின்தங்கிவிட்டோம். கடைசி நிமிடத்தில் கோவா கோல்கீப்பரின் சொந்த கோல், 90 நிமிடம் முடிந்து சேர்த்துக் கொடுத்த சில நிமிடங்களில் மெண்டோசா அடித்த கோல்: 3-2. அந்தக் கோப்பையை வெள்ளத்தில் தவித்த மக்களுக்குக் காணிக்கையாக்கினார்கள். அன்று கட்டிய முடிச்சை 11ஆம் இடம் அவிழ்த்துவிடாது.

இங்கிருந்து ஆட்டம் பார்க்கப் போவதென்றால் என்ன பாடு என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏழரை மணி ஆட்டம் முடிந்து பெரியமேடு நேரு மைதானத்திலிருந்து வெளியே வருவதற்குள் இராமேசுவரம் ரயில்கள் எழும்பூரை விட்டுப் போயிருக்கும். கிளாம்பாக்கம் போய் பஸ் பிடித்து, விடிய விடிய உட்கார்ந்து வந்து சேரவேண்டும். மறுநாள் கடலுக்குப் போகிற நாளாக இருந்தால் தூக்கமும் கிடையாது. தோற்றுவிட்டு வரும் இரவுகளிலும் அந்தப் பஸ்ஸில் எங்கள் பையன்கள் அடுத்த ஆட்டத்துக்கு யாரை இறக்கவேண்டும் என்றுதான் வாதாடிக்கொண்டு வருவார்கள்.

நிர்வாகத்திடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. தமிழ்நாட்டில் ஆட்டக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. 2022-23இல் ஐஎஸ்எல்லின் சிறந்த வளரும் வீரர் விருது வாங்கிய சிவசக்தி நாராயணன் எங்கள் பக்கத்து மாவட்டத்துக் கண்டனூர்க்காரர், ஆடியது பெங்களூருக்காக. 2023 துராண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்காலுக்காக ஆடி, மோகன் பகானுக்கு எதிராக கோல் அடித்து, தன் அணி ரசிகர்களை ஆனந்தத்தில் அழவைத்த நந்தகுமார் சேகர் சென்னைக்காரர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் எங்களுக்கு மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையில் நிற்கும், மாலையானால் கடற்கரை முழுக்கப் பந்துதான். அந்த நாள்களில் ஒரு பயிற்சியாளரை அனுப்புங்கள். பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று கரையோரமாகவே வந்து பையன்களைப் பார்க்கட்டும். மைதானத்தை நாங்கள் ஒழுங்குசெய்து வைக்கிறோம். தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் எங்கள் வீடுகள் இருக்கின்றன.