பைபாஸ் மெஷினால் கேன்சர் பரவுமா?

கேள்வி: அப்பாவுக்குப் பெருங்குடலில் கேன்சர். ஆபரேஷனுக்கு முன்னால் ஆஞ்சியோ எடுத்ததில் மூன்று இடத்தில் அடைப்பு, முதலில் பைபாஸ் செய்ய வேண்டும் என்கிறார்கள். ரத்தம் முழுக்க மெஷினுக்குள் போய்வந்தால் கேன்சர் உடம்பெல்லாம் பரவிவிடும் என்கிறார் சித்தப்பா. நிஜமா டாக்டர்?
- வாசகி, கும்பகோணம்

பதில்: சித்தப்பாவின் பயத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன், டாக்டர்களுக்கும் இந்தச் சந்தேகம் உண்டு. ஆனால் காரணம் வேறு. கேன்சர் செல் ரத்தத்தில் சுற்றுவதற்கு மெஷின் தேவையே இல்லை, இதயமே நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் கணக்கில் ரத்தத்தைச் சுற்றவிட்டுக்கொண்டுதான் இருக்கிறது. பைபாஸின்போது இதயம், நுரையீரல் வேலையைப் பார்க்கும் மெஷினின் பிளாஸ்டிக் குழாயிலும், ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றும் ஆக்சிஜனேட்டரிலும் ரத்தம் பட்டு ஓடும்போது உடம்பில் அழற்சி கிளம்புகிறது, அப்புறம் சில நாட்களுக்குக் கேன்சர் செல்லைத் தாக்கும் வெள்ளணுக்கள் மந்தமாகிவிடுகின்றன. அந்த நேரம் பார்த்து நோய் தலைதூக்குமோ என்பதுதான் கேள்வி. எந்தப் பெரிய ஆபரேஷனிலும் இது ஓரளவு நடப்பதுதான்.

அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பைபாஸ் செய்துகொண்டவர்களை வைத்து 2013-ல் ஓர் ஆய்வு வந்தது. மெஷின் வைத்துச் செய்தவர்களிடம் நுரையீரல் கேன்சருக்கும் மெலனோமா என்ற தோல் கேன்சருக்கும் லேசான தொடர்பு தெரிந்தது. பழைய பதிவேடுகளைப் புரட்டிச் செய்த ஆய்வு அது, மெஷின்தான் காரணம் என்று நிரூபிக்காது. வித்தியாசமே இல்லை என்று சொன்ன ஆய்வுகளும் உண்டு. இன்னொன்றையும் சித்தப்பாவிடம் சொல்லுங்கள்: சிறுநீரகக் கேன்சர் பெரிய ரத்தக்குழாய் வழியாக இதயத்தின் வலது மேலறை வரை ஏறிவிட்டால், அதை வெளியே எடுப்பதற்கே பல நேரம் இதே மெஷினைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

எனக்குக் கவலை அடைப்பைப் பற்றித்தான். அதை அப்படியே விட்டுவிட்டுக் குடல் ஆபரேஷனுக்குப் போனால் மேஜையிலேயே மாரடைப்பு வரலாம். மெஷின் இல்லாமல், துடிக்கும் இதயத்திலேயே பைபாஸ் செய்ய முடியுமா என்று கேளுங்கள், நம் ஊரில் நிறையப் பேர் அப்படிச் செய்கிறார்கள். அடைப்பைத் திறந்துவைக்கும் ஸ்டென்ட் போதும் என்றால், ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரைகளைச் சேர்த்துச் சில காலம் சாப்பிட வேண்டிவரும், அதனால் குடல் ஆபரேஷன் எத்தனை நாள் தள்ளிப்போகும் என்று தெரிந்துகொள்ளுங்கள். இதய டாக்டரும் கேன்சர் டாக்டரும் ஒருவரோடொருவர் நேரில் பேசியே ஆகவேண்டும், நீங்கள் நடுவில் தூது போனால் போதாது. குடல் கேன்சருக்குக் கொடுக்கும் ஃபைவ் எஃப்.யூ., கேப்சைட்டபின் போன்ற கீமோ மருந்துகள் சிலருக்கு இதய ரத்தக்குழாயைச் சுருங்க வைக்கும், அப்பாவுக்கு எது கொடுப்பது என்பதை இருவரும் சேர்ந்துதான் முடிவு செய்ய வேண்டும்.