சிறார் நீதி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஏழு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை என்ன செய்தாலும் பழைய ஆங்கிலச் சட்டப்படி குற்றமே இல்லை என்பது புரிகிறது. 7 முதல் 14 வரை உள்ள பிள்ளைகளை அந்தக் காலத்தில் எப்படி விசாரித்தார்கள்?

பதில்: இங்கிலாந்தின் பழைய பொதுச் சட்டம் (நீதிமன்றத் தீர்ப்புகள் வழியாக உருவான சட்டம்), இந்த வயதுப் பிள்ளைக்குக் குற்ற அறிவு கிடையாது என்றே தொடங்கும். அதை உடைப்பது அரசுத் தரப்பின் வேலை. செய்தது வெறும் குறும்பல்ல, பெரிய தப்பு என்று அந்தப் பிள்ளைக்கு அப்போதே தெரியும் என நிரூபிக்க வேண்டும். செயலை மட்டும் காட்டினால் போதாது. ஓடிப்போனான் என்பதும் தனியாகப் போதாது. சின்னச் சேட்டை செய்த பிள்ளையும் ஓடத்தான் செய்யும். குற்றம் சாட்டக்கூடிய வயதின் கீழ்வரம்பு 7-லிருந்து 1933-ல் 8 ஆகவும், 1963-ல் 10 ஆகவும் உயர்ந்தது. 14 வயது வரை குற்ற அறிவு கிடையாது என்று தொடங்கும் அந்த அனுமானத்தையே 1998-ல் நீக்கிவிட்டார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு இருந்த ஒரே கவசம் அது. நீக்கியது தவறு என்பதே நம் கருத்து. குறைந்தபட்ச வயது 14 ஆவது இருக்க வேண்டும் என்று ஐ.நா. குழந்தை உரிமைக் குழு 2019-ல் சொன்னது.

கேள்வி: சிறார் நீதிமன்றமே கருணையால் பிறந்ததுதானே? அதற்குள் வக்கீலும் குறுக்கு விசாரணையும் எதற்கு?

பதில்: 1964-ல் அமெரிக்காவின் அரிசோனாவில் நடந்ததைப் பாருங்கள். பக்கத்து வீட்டுப் பெண்மணியிடம் போனில் ஆபாசமாகப் பேசியதாக 15 வயது ஜெரால்ட் கால்ட்டைப் பிடித்தார்கள். பெற்றோர் இருவரும் வேலைக்குப் போயிருந்தார்கள். தகவல் சொல்லி ஒரு துண்டுச் சீட்டுகூட வீட்டில் வைக்கவில்லை. புகார் கொடுத்தவர் விசாரணைக்கு வரவே இல்லை. வக்கீல் இல்லை, பேசியது எதுவும் பதிவாகவில்லை, மேல்முறையீட்டுக்கும் வழியில்லை. பெரியவர் ஒருவர் அதே குற்றத்தைச் செய்திருந்தால் 5 முதல் 50 டாலர் அபராதம், அல்லது அதிகபட்சம் 2 மாதச் சிறை. பையனுக்கோ 21 வயது வரை சீர்திருத்தப் பள்ளி.

இது நீதிபதியின் கொடூரத்தால் மட்டும் வந்ததல்ல. 1899-ல் சிகாகோவில் தொடங்கிய முதல் சிறார் நீதிமன்றத்தின் தர்க்கமே இதுதான். அரசு பெற்றோர் ஸ்தானத்தில் நிற்கிறது; கொடுப்பது தண்டனை அல்ல, பராமரிப்பு. அப்படியென்றால் பாதுகாப்பு எதற்கு? காலவரம்புதான் எதற்கு? அளவுகோல் ‘என்ன செய்தான்’ என்பதிலிருந்து ‘இவனுக்கு என்ன தேவை’ என்பதற்கு மாறியதும், தேவைக்கு எல்லையில்லாமல் போனது.

கால்ட்டின் வழக்கில் 1967-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பிள்ளைகளுக்கு நான்கு உரிமைகளைக் கொடுத்தது: குற்றச்சாட்டை முன்கூட்டியே எழுத்தில் பெறுவது, வக்கீல் வைத்துக்கொள்வது, சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வது, தனக்கு எதிராகப் பேசாமல் இருப்பது. ஆனால் குற்றம் உறுதியான பிறகு எங்கே, எவ்வளவு காலம் அனுப்புவது என்ற கட்டத்தை அந்தத் தீர்ப்பு தொடவில்லை. எந்த நாட்டுச் சிறார் சட்டத்தைப் படித்தாலும் இதை முதலில் தேடுங்கள்: அதே செயலுக்குப் பெரியவருக்கு உள்ள உச்சவரம்பைத் தாண்டிப் பிள்ளையை அடைத்து வைக்க முடியுமா?

கேள்வி: சேட்டைக்காரப் பையன்களைச் சிறைக்குக் கூட்டிப்போய்க் கைதிகளை விட்டு மிரட்டினால் திருந்துவார்களா?

பதில்: மாட்டார்கள். 1970-களில் நியூ ஜெர்சியில் புகழ்பெற்ற முறை இது. குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்துச் செய்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சிறைக்குப் போய்வந்த பையன்களே பிறகு அதிகமாகக் குற்றம் செய்திருந்தார்கள். உங்கள் பள்ளியில் யாராவது இந்த யோசனையைச் சொன்னால், தயங்காமல் மறுத்துவிடுங்கள்.