பாலையா கேட்ட கதை

அன்புள்ள ஐயா,

வணக்கம். சினிமா பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் படிப்பவன் நான். இது ஒரு குடும்ப விஷயம்தான், ஆனாலும் உங்களிடம் கேட்கலாம் என்று தோன்றியது.

என் அப்பாவுக்கு 76 வயது. கோவையில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் 32 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காது கொஞ்சம் மந்தம். போன வருடம் பெரிய டிவி வாங்கி, இரண்டு மூன்று ஓடிடிக்குச் சந்தாவும் கட்டினேன். அவர் அதையெல்லாம் தொடுவதே இல்லை. மதியம் சாப்பிட்டதும் 'காதலிக்க நேரமில்லை' போடச் சொல்வார். வாரத்தில் மூன்று நாளாவது இது நடக்கும். நாகேஷ் கதை சொல்லும் இடத்தில் வசனம் வருவதற்கு முன்பே சிரித்துவிடுகிறார். சில நாள் சத்தத்தை நன்றாகக் குறைத்து வைத்துக்கொண்டே பார்க்கிறார்.

மகன் கல்லூரியில் படிக்கிறான். 2004இல் வந்த 'கில்லி' 2024இல் மறுபடி தியேட்டருக்கு வந்ததும் மூன்று தடவை போய்வந்தான். டிவியில் அவன் எத்தனையோ தடவை பார்த்த படம். இவர்கள் இருவருக்கும் நடுவில் நான். ஒரு படத்தை இரண்டாவது தடவை பார்க்க எனக்குப் பொறுமை கிடையாது. முடிவு தெரிந்த கதையில் என்ன இருக்கிறது? அப்பாவைப் புதுப் படங்கள் பக்கம் திருப்ப வழி இருந்தால் சொல்லுங்கள். ஒரே படத்தைப் பார்த்துப் பார்த்து மனசு மங்கிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

(பெயர் வேண்டாம்)
கோவை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பயம் புரிகிறது. ஆனால் முதலில் அந்தக் காட்சியைப் பற்றிப் பேசிவிடுகிறேன். அப்பா விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன்.

ஸ்ரீதர் இயக்கி 1964இல் வந்த படம். உங்கள் ஊருக்குப் பக்கத்தில், ஆழியாறு அணைப் பகுதியில் படம்பிடித்தார்கள். நாகேஷுக்கு 'ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்' என்று கம்பெனி வைத்துப் படம் எடுக்கும் ஆசை. பணம் அப்பா டி.எஸ். பாலையாவிடம் இருக்கிறது. அவரை மயக்க ஒரு திகில் கதை சொல்கிறார். இருட்டு, நடை, சத்தம் எல்லாவற்றையும் தன் குரலாலும் கையாலுமே உண்டாக்குகிறார்.

முதல் தடவை பார்க்கிறவர்கள் நாகேஷைத்தான் பார்ப்பார்கள். அடுத்து என்ன வரும் என்று தெரியாதவரை, கண் பேசுகிறவர் மேலேயேதான் இருக்கும். எனக்கும் அப்படித்தான். நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ பார்த்தபோதுதான் என் கண் பாலையா பக்கம் போனது. போனது போனதுதான். அன்றிலிருந்து அந்தக் காட்சியில் நாகேஷை முழுதாக நான் பார்த்ததே இல்லை.

அந்த மனிதர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். மகன் எதற்குச் சுற்றி வருகிறான் என்று அவருக்குத் தெரியும். பணம் கிடையாது என்ற முடிவோடுதான் உட்கார்ந்திருக்கிறார். கதை தொடங்குகிறது. அலட்சியமாக இருந்த முகத்தில் லேசாக ஒரு கவனம் வருகிறது. கண் விரிகிறது. உடம்பு தன்னால் பின்வாங்குகிறது. தான் பயந்துவிட்டது அவருக்கு உறைப்பதற்குள் முகம் அதைச் சொல்லிவிடுகிறது. அந்த இடத்தில் அவருக்குப் பெரிய வசனம் எதுவும் இல்லை. கேட்கிறார், அவ்வளவுதான். அவர் கேட்கிற கேட்பில்தான் நாகேஷ் சொல்வதெல்லாம் நம் கண்ணுக்குத் தெரிகிறது. 1966இல் ஸ்ரீதரே இதை இந்தியில் எடுத்தார். அங்கே மெஹ்மூத் கதை சொன்னார், ஓம் பிரகாஷ் கேட்டார். அங்கேயும் பயப்படுகிற ஆள் சரியாக அமைந்ததால்தான் காட்சி நின்றது.

பாலையா வில்லனாக வெகுகாலம் மிரட்டியவர். 1936இல் 'சதிலீலாவதி'யிலேயே இருந்தார், எம்.ஜி.ஆருக்கு முதல் படமான அதே படம். ஆனால் அவருடைய கடைசிப் பத்து வருடங்களை எடுத்துக்கொண்டால், கேட்பதை அவர் அளவுக்கு நடித்துக் காட்டியவர் தமிழில் வேறு யாரும் இல்லை என்பேன். 1965இல் 'திருவிளையாடல்' படத்து ஹேமநாத பாகவதரை நினைத்துப் பாருங்கள். பாலமுரளிகிருஷ்ணாவின் குரலில் அவர் பாடும் 'ஒரு நாள் போதுமா' எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அதற்குப் பிறகு வருவதை. ராத்திரி திண்ணையில் ஒரு விறகு விற்கிறவன் பாடுகிறான், உள்ளே இருப்பவரின் காதில் விழுகிறது. வித்துவச் செருக்கெல்லாம் அந்த முகத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்று விழுகிறது. விடிவதற்குள் ஊரைவிட்டே போகிறார். மூன்று வருடம் கழித்து 'தில்லானா மோகனாம்பா'ளில் அவர்தான் தவில்காரர். நாதஸ்வரக்காரர் அடுத்து எங்கே போவார் என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பதுதான் தவிலுக்குப் பாதி வேலை. சிவாஜி வாசிக்கும்போது பாலையாவை மட்டும் ஒரு தடவை பாருங்கள்.

முடிவு தெரிந்த கதையில் என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். முடிவு தெரிந்த பிறகுதான் கேட்கிறவரைப் பார்க்க நமக்கு நேரம் கிடைக்கிறது. கதையைத் துரத்துகிற வேலை முடிந்துவிடுகிறது. அப்புறம் கண் ஓரங்களுக்குப் போகும்.

இது என் சின்ன வயதிலேயே எனக்கு வேறு வழியில் நடந்திருக்கிறது. 'திருவிளையாட'லை நான் பார்ப்பதற்கு முன்பே முழுக்கக் கேட்டிருந்தேன். அந்தப் படத்தின் வசனத்தை இசைத்தட்டாகவே விற்றார்கள். கோயில் கொடையோ கல்யாணமோ, சவுண்டு சர்வீஸ்காரர் வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டியதும் தருமி புலம்ப ஆரம்பித்துவிடுவார். வெற்றிலை மடிக்கிற பெண்களும் பந்தல் போடுகிறவர்களும் கூடவே சொல்லிக்கொண்டு வேலை செய்வார்கள். வானொலியில் ஒலிச்சித்திரம் வேறு. எழுபதுகளின் கடைசியில் எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸில், மணலில் உட்கார்ந்து அந்தப் படத்தை முதல் தடவை பார்த்தேன். காதுக்குத் தெரியாத வார்த்தை ஒன்றுகூட இல்லை. அதனால் முழு நேரமும் கண்ணுக்கு மட்டும்தான் வேலை. நக்கீரர் பேசும்போது சபையில் மற்றவர்கள் எப்படி உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுகூட அன்றே பார்த்துவிட்டேன்.

இனி உங்கள் அப்பா. உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்களைத் தனித்தனியாக எழுதியிருக்கிறீர்கள். காது மந்தம் என்று ஓரிடத்தில். சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்க்கிறார் என்று இன்னோரிடத்தில். அவை இரண்டும் ஒரே விஷயம் என்று எனக்குப் படுகிறது.

ஸ்பின்னிங் மில்லுக்குள் நான் ஒருமுறை போயிருக்கிறேன். ரிங் ஃபிரேம்கள் என்னும் நூல் நூற்கும் இயந்திரங்கள் ஓடுகிற கூடத்தில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்கவில்லை. அங்கே எல்லோரும் கையாலும் உதட்டாலும்தான் பேசிக்கொண்டார்கள். 32 வருடம் ஷிஃப்டு ஷிஃப்டாக அந்த இரைச்சலில் நின்ற காதில் முதலில் தேய்வது கீச்சென்ற மேல்சுருதி ஒலிகள். மெய்யெழுத்தின் கூர்மை அதில்தான் இருக்கிறது. எனவே சத்தம் கேட்கும், சொல் பிரியாது. வால்யூமைக் கூட்டினால் இரைச்சல்தான் கூடும், தெளிவு வராது. கூட்டினால் காதே வலிக்கிறது என்று சிலர் சொல்வார்கள். வீட்டில் உள்ளவர்கள் 'காதில் விழுந்தும் விழாத மாதிரி இருக்கிறார்' என்று கோபப்படுவதெல்லாம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இந்தக் காதோடு ஒரு புதுப் படத்தின் முன்னால் அவர் உட்கார்ந்தால் என்ன ஆகும்? பேச்சுக்கு அடியில் இசை, பேச்சும் வேகம். பாதி போய்விடும். என்ன சொன்னான் என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்க வேண்டும். இரண்டு தடவை கேட்பார், மூன்றாவது தடவை கேட்கக் கூச்சமாக இருக்கும். 'காதலிக்க நேரமில்லை'யில் யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. அவ்வளவு வசனமும் அவருக்குள்ளேயே இருக்கிறது. டிவியின் சத்தம் அவருக்குத் தேவையே இல்லை, அதனால் குறைத்துவிடுகிறார். அந்த வீட்டில் அவர் ஒரு சொல் விடாமல் கேட்கிற படம் அது ஒன்றாகத்தான் இருக்கும். வசனம் வருவதற்கு முன்பே சிரிக்கிறார் என்கிறீர்கள். அவருக்குள் வசனம் வந்துவிட்டது, டிவிதான் பின்னால் வருகிறது. அடுத்த வரி இவ்வளவு துல்லியமாக நினைவிருப்பவரைப் பற்றி மனசு மங்கிவிடுமோ என்று கவலைப்படாதீர்கள்.

கவலைப்பட வேண்டியது காதைப் பற்றி. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துப் போய், எந்தச் சத்தம் எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் ஆடியோகிராம் சோதனையை எடுத்துவிடுங்கள். அரசு மருத்துவமனைகளிலும் எடுக்கிறார்கள். காது கேட்கும் கருவி தேவையென்று சொன்னால் வாங்கிப் போடுங்கள். பழகச் சில வாரம் பிடிக்கும், முதல் நாளே கழற்றி வைத்துவிட்டால் விட்டுவிடாதீர்கள். புதுப் படம் பக்கம் அவர் தானாக வந்தால் அப்போது வருவார். வராவிட்டாலும் பரவாயில்லை. பேரன் பேசுவது கேட்டால் போதும்.

மகன் விஷயம் சுலபமானது. பிரகாஷ்ராஜ் வாயைத் திறப்பதற்கு முன்னால் தியேட்டரே சேர்ந்து அந்த வசனத்தைச் சொல்கிறது, அதற்காகத்தான் போகிறான். திரௌபதி துகிலுரிதல் எப்படி முடியும் என்று தெரியாமலா சனங்கள் விடிய விடியக் கூத்து பார்த்தார்கள்? மும்பையில் மராத்தா மந்திர் தியேட்டரில் 1995இல் வந்த ஒரு ஷாருக்கான் படத்தைப் பல வருடமாகப் பகல் காட்சியாக ஓட்டிக்கொண்டே இருந்தார்கள். அவன் பணம் அவன் செலவு. விட்டுவிடுங்கள்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்பா பக்கத்தில் உட்காருங்கள். உங்களுக்குப் படம் பிடிக்க வேண்டும் என்று இல்லை. நாகேஷ் கதையை ஆரம்பித்ததும் அப்பாவின் கண் திரையில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று மட்டும் பார்த்து எனக்கு எழுதுங்கள். பாலையா பக்கம்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்ட வேண்டாம். அவர் வைத்த அளவிலேயே இருக்கட்டும்.

அன்புடன்