தொண்டு நிறுவனத்தை நம்பி மாடித்தோட்டம் போடலாமா?

குடியிருப்பில் எல்லோரும் சேர்ந்து மாடித்தோட்டம் போட ஒரு தொண்டு நிறுவனத்தைக் கூப்பிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூப்பிடுங்கள். ஆனால் அடுத்த விதைப்புப் பட்டத்துக்கும் வருவீர்களா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். வெறும் செடி வளர்க்கும் பைக்காக என்றால் அவர்கள் வேண்டாம், தோட்டக்கலைத் துறையே மானிய விலையில் தருகிறது.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். தைப் பட்டத்துக்கு ஒரு நிறுவனம் நாற்பது பை கொண்டுவந்தது. தேங்காய் நார்க் கட்டியை ஊறவைத்து, மண்புழு உரம் கலந்து நிரப்பி, பதாகை பிடித்துப் படம் எடுத்தார்கள். வெண்டையும் கத்தரியும் நன்றாகவே காய்த்தன, அதை மறுக்கவில்லை. சித்திரை வெயிலில் கத்தரிக் கணுவெல்லாம் பஞ்சு ஒட்டியதுபோல மாவுப்பூச்சி. ஃபோன் போட்டால், "அந்த ப்ராஜெக்ட் முடிஞ்சிடுச்சு சார்" என்றார்கள். ஆடி பிறக்கும்போது ஒன்பது பைதான் மிச்சம்.

அப்புறம் வேறொரு சிறிய குழுவிலிருந்து ஒரு பெண் சனிக்கிழமைதோறும் பஸ் பிடித்து வந்தார். பையும் இல்லை, விதையும் இல்லை. கத்தரி இலையைத் திருப்பி, அடிப்பக்கத்தை விரலால் வழித்து என் மனைவியிடம் காட்டினார். "மேல அடிச்சா பிரயோஜனம் இல்லக்கா, சாயங்காலமா இங்க அடிங்க. முதல்ல எறும்பை நிறுத்துங்க, இந்தப் பூச்சியைக் காப்பாத்துறதே அதுதான்." வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும்தான் மருந்து. அதைவிடப் பெரிய உதவி, மாடியையும் மோட்டார் தண்ணீரையும் மூன்று வருடம் பயன்படுத்தலாம் என்று குடியிருப்போர் சங்கத்திடம் எழுதி வாங்கிக் கொடுத்தது. நியூயார்க்கில் 1999இல் நகர நிர்வாகம் நூற்றுக்கும் மேற்பட்ட சமூகத் தோட்டங்களை ஏலம் விடப்போனபோது, டிரஸ்ட் ஃபார் பப்ளிக் லேண்ட், நியூயார்க் ரெஸ்டோரேஷன் ப்ராஜெக்ட் என்ற இரண்டு தொண்டு அமைப்புகள் பணம் கொடுத்து வாங்கித்தான் அவற்றைக் காப்பாற்றின. இடம் கையில் இல்லாவிட்டால் எத்தனை பை இருந்து என்ன?

நிதி ஒரு வருடத்துக்குத்தான் வருகிறது, அவர்கள் என்ன செய்வார்கள் என்று சண்டைக்கு வராதீர்கள். சரி, அதை முதலிலேயே சொல்லிவிட்டு வரட்டும். நாங்களும் அதற்கேற்ப ஆள் பழக்கியிருப்போம்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். குப்பையை இரண்டு தொட்டியில் பிரித்து வைத்தாலும் வண்டியில் ஒன்றாகவே கொட்டுகிறார்கள். தினமும் மனசு கொதிக்கிறது. அதனால்தான் காய்கறிக் கழிவை மாடியிலேயே டிரம்மில் மக்க வைக்கிறோம். அதற்கும் நாற்றம் என்று மூன்றாம் மாடியில் புகார். ஒவ்வொரு அடுக்குக்கும் காய்ந்த இலை போட்டு மூடுகிறோம். வந்து பாருங்கள் என்று இரண்டு முறை கூப்பிட்டுவிட்டேன், இன்னும் வரவில்லை.