கோவேறு கழுதைக் கொட்டகையைக் கல்யாண மண்டபமாக்கலாமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தில், ஸ்டேங்கர் பக்கம் தாத்தா வாங்கிய கரும்புத் தோட்டம் என் பேரிலும் அண்ணன் பேரிலும் இருக்கிறது. அதில் கோவேறு கழுதைகளும் வண்டிகளும் நின்ற பழைய கொட்டகை ஒன்று, செங்கல் சுவர், தகரக் கூரை. அதைச் சீர்செய்து சின்னக் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விட நினைத்தேன். பாதிக் கூரையைப் பிரித்த நிலையில் முனிசிபாலிட்டி ஆய்வாளர் வேலையை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் கொடுத்துவிட்டார். "நம்ம கொட்டகையைப் பழுதுபார்க்க யாரைக் கேட்கணும்?" என்கிறார் பில்டர். கொட்டகையின் ஓர் அறையில் அப்பா காலத்து வேலையாள், எழுபது தாண்டியவர், பல வருஷமாகக் குடியிருக்கிறார். அவரை அனுப்பலாமா? கொட்டகையையும் சுற்றியுள்ள ஓர் ஏக்கரையும் எனக்கே எழுதித் தர அண்ணன் தயார்.

பதில்: சகோதரிக்கு, உங்கள் பில்டருக்குச் செங்கல் தெரிந்திருக்கலாம், சட்டம் தெரியவில்லை. வேலையை இன்றே நிறுத்துங்கள். பிரித்த பகுதியில் மழை இறங்காமல் தார்ப்பாய் போட ஆய்வாளரிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். இறக்கிய தகரத்தையும் மரத்தையும் காயலான் கடைக்குப் போடாதீர்கள்.

குவாசுலு-நட்டாலில் 60 ஆண்டு தாண்டிய எந்தக் கட்டடத்தையும் இடிக்கவோ மாற்றவோ கூட்டிக் கட்டவோ மாகாண மரபுவள அமைப்பான அமாஃபாவின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் முன்கூட்டியே வேண்டும். 2018-ஆம் ஆண்டின் மாகாணச் சட்டம் 60 ஆண்டு தாண்டியிருக்கலாம் என்று நியாயமாக நினைக்கத்தக்க கட்டடத்தையும் சேர்த்தே சொல்கிறது. ஆகவே 'வயது தெரியாது' என்ற பதில் எடுபடாது. "மாற்றவில்லை, பழுதுதான் பார்த்தோம்" என்பதும் பலவீனமான வாதம். 1999-ஆம் ஆண்டின் தேசிய மரபுவளச் சட்டம் மாற்றுதல் என்பதற்குத் தரும் விளக்கத்தில் பூச்சு வேலையும் பெயின்ட் அடிப்பதும்கூட வருகின்றன. கூரையைப் பிரித்ததை எதில் சேர்ப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பழைய கட்டட வேலையில் பழக்கமுள்ள, பதிவுபெற்ற கட்டடக் கலைஞர் ஒருவரைப் பிடியுங்கள். இப்போதுள்ள நிலையை நாலு பக்கமும் படமெடுத்து, அளவெடுத்து வரையட்டும். கட்டடத்தின் வயதைக் காட்ட ஒரு நல்ல வழி உண்டு. கேப் டவுன் மோப்ரேயில் உள்ள அரசு நில அளவை அலுவலகத்தில் 1930-கள் முதலான வான்வழிப் படங்கள் இருக்கின்றன. உங்கள் தோட்டம் விழுந்திருக்கும் படங்களைக் கேட்டு வாங்குங்கள். பிரித்துவிட்ட பகுதியை அமாஃபாவிடம் மறைக்காதீர்கள். நீங்களே முதலில் சொல்லி, அதே வடிவத் தகரத்தால் மீண்டும் மூடுவதாக வரைபடத்தில் காட்டுங்கள். கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் தகடு ஏதாவது இருந்தால் பதிவுபெற்ற ஒப்பந்தக்காரர்தான் கையாள வேண்டும், உங்கள் பில்டர் அல்ல.

அப்புறம் முனிசிபாலிட்டி. அங்கே சீரமைப்பைவிட உபயோக மாற்றம்தான் பெரிய விஷயம். நேற்றுவரை கொட்டகை, நாளை நூறு பேர் கூடும் மண்டபம் என்றால் தீ வெளியேறும் வழி, கழிப்பறை, கூரையின் பளு என்று எல்லாமே புதிய கணக்கு. நில உபயோக அனுமதி தனி விண்ணப்பம். கட்டட பிளான் தனி. 500 சதுர மீட்டருக்குக் குறைவானால், முழுமையான விண்ணப்பம் கொடுத்த 30 நாளுக்குள் பிளான் மீது முடிவு சொல்ல வேண்டும் என்கிறது 1977-ஆம் ஆண்டுக் கட்டடச் சட்டம். வேலை முடிந்தபின் கட்டடத்தைப் பயன்படுத்தலாம் என்ற குடிபுகல் சான்றிதழ் இல்லாமல் ஒரு நிச்சயதார்த்தம்கூட வைக்காதீர்கள். சாப்பாடு அங்கேயே தயாராகும் என்றால் சமையலறைக்கு சுகாதாரச் சான்றும் வேண்டும்.

அதே 1977 கட்டடச் சட்டத்தில் பிளான் இல்லாமல் கட்டினால் அபராதம் நாளுக்கு 100 ராண்ட்தான். இதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் 21-ஆம் பிரிவைப் படிப்பதில்லை. அதன்படி இடிக்கவே உத்தரவு வாங்கலாம். கென்டன்-ஆன்-சீயில் அனுமதியில்லாமல் கட்டிய ஒரு வீட்டு வழக்கில், இடிப்பு உத்தரவை மறுக்கும் விருப்புரிமை இந்தப் பிரிவின்கீழ் நீதிமன்றத்துக்கு இல்லை என்று 2013-இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பெரியவர் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: அனுப்பாதீர்கள். பண்ணை நிலத்தில் குடியிருப்போரைக் காக்கும் 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 10 வருஷம் அங்கே வாழ்ந்து 60 வயதைத் தொட்டவரின் குடியிருப்பு உரிமையை, அவர் கடுமையாகத் தவறு செய்தாலொழிய, முடிக்க முடியாது. நீதிமன்ற உத்தரவில்லாமல் வெளியேற்றுவது குற்றம். குழாயை மூடி அவரைத் தானாகப் போகவைக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால், தண்ணீரைத் தடுப்பதும் வெளியேற்றம்தான் என்று அந்தச் சட்டமே சொல்வதை யோசனை சொன்னவருக்குக் காட்டுங்கள். அறையைத் தொடாமல் பிளான் போடுவது ஒரு வழி. இல்லையென்றால் தோட்டத்திலேயே அதைவிட நல்ல வீடு கட்டி, அவர் மனமார ஒப்பினால், அவருக்குப் புரியும் மொழியில் எழுதி, அவர் தரப்புக்கு ஒருவரை வைத்துக்கொண்டு கையெழுத்து வாங்கலாம். அது செலவுதான். ஆனால் அப்பா காலத்திலிருந்து உழைத்த மனிதருக்கு அது அதிகமில்லை என்பது என் கருத்து.

அண்ணன் நல்ல மனசோடு சொல்கிறார், சரி. ஆனால் வேளாண் நிலத்தைத் துண்டுபோட அமைச்சரின் இசைவு வேண்டும். அது கிடைக்காமல் எழுதும் விற்பனைத் தாளை நம்பிப் பணம் போடாதீர்கள். இப்போதைக்குப் பிரிக்க வேண்டாம். இருவரும் பங்காளர்களாகவே இருந்து, யார் எவ்வளவு செலவு செய்கிறார்கள், வாடகை எப்படிப் பங்கு, ஒருவர் விலக நினைத்தால் என்ன என்று ஒப்பந்தம் எழுதுங்கள். எல்லா விண்ணப்பத்திலும் அண்ணன் கையெழுத்தும் இருக்கட்டும்.

நோட்டீஸுக்குப் பதில் கொடுக்கும் கடைசித் தேதி அதிலேயே இருக்கும். அதற்குள் ஒரு வழக்கறிஞர் மூலம், வேலை நின்றுவிட்டது, அமாஃபாவுக்கு விண்ணப்பம் தயாராகிறது என்ற இரண்டு விஷயத்தை மட்டும் எழுதி அனுப்புங்கள். பில்டரிடம் மீதிப் பணத்தை இப்போது கொடுக்க வேண்டாம்.