கையைப் பிடித்து இழுக்காமல் எழுப்புவது எப்படி?

கேள்வி: என் தந்தைக்கு வயது 64. தசைநோயால் தொடைகள் மெலிந்துவிட்டன. சோபாவிலிருந்து தானாக எழ முடியாததால், இரு கைகளையும் பிடித்து இழுத்து எழுப்புகிறேன். அவருக்குத் தோள் வலி, எனக்கு இடுப்பு வலி. வேறு வழி உண்டா?

பதில்: கையைப் பிடித்து இழுப்பதை இன்றே நிறுத்திவிடுங்கள். தோள் மூட்டை அதன் இடத்தில் பிடித்து வைத்திருப்பவை பெரும்பாலும் சுற்றியுள்ள தசைகளே. பல தசைநோய்களில் அவையும் தளர்ந்திருக்கும் என்பதால், உடல் எடை முழுவதையும் கை வழியாக இழுக்கும்போது மூட்டு நழுவிவிடக்கூடும். அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதிலும் இதே ஆபத்து உண்டு.

உங்கள் தந்தையைத் தூக்குவதற்கு முன் அவருடைய இருக்கையை உயர்த்துங்கள் என்பதே என் முதல் ஆலோசனை. சோபா தாழ்வானது, மென்மையானது. அதில் அமர்பவரின் இடுப்பு முழங்காலுக்குக் கீழே இறங்கிவிடுவதால், எழும்போது தொடைத் தசைகள் தாங்கவேண்டிய சுமை பெருகிவிடுகிறது. எழுந்து நிற்பது குறித்த ஆய்வுகளை அலசி 2002-இல் வெளியான கட்டுரை ஒன்று, இருக்கையை உயர்த்தினால் முழங்கால் மீதான சுமை 60 சதவீதம் வரை குறையக்கூடும் என்கிறது. எவ்வளவு பழகினாலும் கிடைக்காத உதவியைச் சில சென்டிமீட்டர் உயரம் தந்துவிடுகிறது.

பாதங்கள் தரையில் முழுமையாகப் படியும்படி அவரை அமரவைத்து, தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை அளந்துகொள்ளுங்கள். இருக்கை அதைவிட 5 முதல் 10 செ.மீ. உயரமாக இருக்கட்டும், பாதம் அந்தரத்தில் தொங்குமளவுக்கு உயர்த்தவேண்டாம். தலையணைகளை அடுக்கினால் அவை வழுக்கும், அமுங்கும். கெட்டியான ஃபோமோ, நாற்காலிக் கால்கள் நழுவாதபடி குழிவு செதுக்கிய மரக்கட்டைகளோ பாதுகாப்பானவை. நாற்காலிக்கு உறுதியான கைப்பிடிகள் இருக்கவேண்டும். முதுகுப்புறம் சுவரை ஒட்டியிருந்தால் அது பின்னால் நகராது. கழிப்பறை இருக்கைக்கும் இதே அளவுதான்.

எழும்போது முதலில் அவர் இருக்கையின் விளிம்புக்கு நகர்ந்து வரட்டும். குதிகால்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்து வைத்து, மூக்கு முழங்காலைத் தாண்டும் வரை முன்னால் குனிந்து, கைப்பிடிகளைக் கீழ்நோக்கி அழுத்தியபடி எழவேண்டும். இங்கேதான் பெரும்பாலான குடும்பங்கள் தவறு செய்கின்றன: அன்போடு நேர் எதிரே நின்றுகொள்கிறார்கள், நோயாளிக்குக் குனிய இடமே இருப்பதில்லை. நீங்கள் பக்கவாட்டில் நில்லுங்கள். பிடிகள் கொண்ட இடுப்புப் பட்டையை அவருக்குக் கட்டி, முழங்கால்களை மடித்து, முதுகை நேராக வைத்து, "ஒன்று, இரண்டு, மூன்று" என்று சேர்ந்து சொல்லி, அவருடைய அசைவோடு சேர்ந்து முன்னும் மேலுமாகத் தாங்குங்கள்.

சிலர் தம் தொடைகளில் கைகளை ஊன்றி, தம் உடல்மீது தாமே ஏறுவது போல எழுவார்கள். 1879-இல் வில்லியம் கவர்ஸ் என்ற மருத்துவர் விவரித்த இந்த அசைவு, தளர்ந்த தசைகளுக்கு உடல் கண்டுபிடித்த மாற்றுவழி. அதைத் திருத்த முயலாதீர்கள்.

நின்றவுடன் நடக்கவேண்டாம், தலைசுற்றல் இல்லை என்று உறுதியாகும் வரை அவர் சில நொடிகள் நிற்கட்டும். தொடை வலுவிழந்தவர்கள் முழங்காலைப் பின்னோக்கிப் பூட்டியே நிற்பார்கள். பின்னாலிருந்து நாற்காலியோ உங்கள் காலோ இலேசாக இடித்தால்கூட அந்தப் பூட்டு விடுபட்டுச் சட்டென மடிந்துவிழுவார்கள். எனவே மீண்டும் அமரும்போது நாற்காலியை நகர்த்தி அவரிடம் கொண்டுவராமல், அவரே பின்னோக்கி மெல்ல வந்து கெண்டைக்கால் இருக்கையைத் தொடுவதை உணர்ந்த பிறகு, கைப்பிடிகளைப் பற்றி இறங்கட்டும்.

இத்தனைக்குப் பிறகும் அவருடைய எடையின் பெரும்பகுதியை நீங்கள்தான் சுமக்கிறீர்கள் என்றால், தானே உயர்ந்து கொடுக்கும் மின் நாற்காலியோ தூக்கு கருவியோ தேவைப்படும் நிலை வந்துவிட்டது. அது அவர் தோற்றுப்போனதன் அடையாளமல்ல. எது பொருந்தும் என்று இயன்முறை மருத்துவர் ஒருவரை வீட்டுக்கே அழைத்து, உங்கள் தந்தை அமரும் எல்லா இடங்களையும் காட்டிக் கேளுங்கள். பலவீனம் சில நாட்களில் திடீரெனக் கூடினாலோ, விழுங்குவதிலோ மூச்சு விடுவதிலோ சிரமம் தெரிந்தாலோ, உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.