டெர்ரி பிரான்ஸ்டட்: 22 ஆண்டு கவர்னர் பற்றிக் கேள்வி பதில்

அமெரிக்காவின் அயோவா மாநில அரசியலைத் தொடர்ந்து கவனித்து வருகிறேன். அங்கே மொத்தம் 22 ஆண்டு கவர்னராக இருந்த பிரான்ஸ்டட் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

கேள்வி: இத்தனை வருடம் அவரைக் கவர்னராக வைத்திருந்தது எந்த ஜனாதிபதி?

பதில்: எந்த ஜனாதிபதியும் இல்லை, அயோவா மக்கள்தான். அமெரிக்காவில் கவர்னர் தேர்தலில் நின்று வருகிறவர். நம் ஊர் ஆளுநரை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் எல்லாமே தப்பாகப் புரியும். அதிகாரத்தில் அவர் நம் முதல்வரைப் போல, ஆனால் சட்டமன்றம் எதிர்க்கட்சியின் கைக்குப் போனாலும் பதவி போகாது. அயோவாவில் இத்தனை முறைதான் நிற்கலாம் என்ற வரம்பும் கிடையாது. 1982, 1986, 1990, 1994, அப்புறம் 2010, 2014 என்று நின்ற ஆறு தேர்தலிலும் ஜெயித்தார்.

கேள்வி: விவசாயக் குடும்பத்துக்காரராமே, விவசாயிகளுக்கு என்ன செய்தார்?

பதில்: அவரை எடைபோட இந்தக் கேள்விதான் சரியான இடம். லீலண்ட் என்ற சிற்றூரில் 1946இல் பிறந்தவர். 1983 ஜனவரியில் 36 வயதில் பதவியேற்றபோது மாநிலமே கடனில் மூழ்கிக்கொண்டிருந்தது. எழுபதுகளில் தானிய விலை ஏற, நிலத்தின் விலையும் ஏறியது. அந்த நிலத்தைக் காட்டித்தான் வங்கிகள் கடன் கொடுத்தன. பிறகு வட்டி எகிறியது. 1980இல் சோவியத் யூனியனுக்குத் தானியம் விற்கத் தடை வந்தது. 1981இல் அயோவாவில் ஒரு ஏக்கரின் சராசரி விலை 2,147 டாலர், 1986இல் 787 டாலர். 300 ஏக்கர் வைத்திருந்தவரின் சொத்து 6,44,000 டாலரிலிருந்து 2,36,000 டாலராகச் சுருங்கியது. கடன் மட்டும் அப்படியே நின்றது.

1985 அக்டோபரில் பிரான்ஸ்டட் பொருளாதார நெருக்கடி நிலையை அறிவித்தார். ஜப்தியை எதிர்கொண்ட விவசாயி நீதிமன்றத்தில் மனுப் போட்டு ஓராண்டு அவகாசம் கேட்க அது வழி திறந்தது. கடன் தள்ளுபடி ஆகவில்லை, மூச்சுவிட நேரம் கிடைத்தது. நல்ல முடிவுதான். ஆனால் நிலத்தின் விலை நான்கு வருடமாகச் சரிந்துகொண்டிருந்தது. அவர் முன்பே செய்திருக்க வேண்டும்.

கேள்வி: அவரை ஜனாதிபதி திரும்ப அழைத்திருக்கலாமே?

பதில்: முடியாது. முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி: அதிக காலம் கவர்னராக இருந்ததில் நியூயார்க்கின் ஜார்ஜ் கிளிண்டன்தான் உண்மையான சாதனையாளர் என்று படித்தேன்.

பதில்: கிளிண்டன் 1777 முதல் 1795 வரையும், 1801 முதல் 1804 வரையும், மொத்தம் 21 ஆண்டு இருந்தார். பிரான்ஸ்டட் 2015 டிசம்பர் 14இல் அதைத் தாண்டினார்.

கேள்வி: கிளிண்டனின் முதல் பகுதியில் அமெரிக்க அரசியலமைப்பே கிடையாது. அதை எப்படிக் கணக்கில் சேர்ப்பீர்கள்?

பதில்: சேர்த்தே ஆக வேண்டும். கவர்னர் பதவி மாநிலத்துடையது. நியூயார்க் 1777லேயே தனக்கென்று அரசியலமைப்பு எழுதிக்கொண்டது. கூட்டாட்சி அரசு 1789இல் வந்ததால் அதற்கு முந்தைய கவர்னர்கள் இல்லாமல் போய்விடுவார்களா?

கேள்வி: அப்படியென்றால் இடைவெளி விட்டு வந்த பிரான்ஸ்டட்டை எப்படி முதலிடத்தில் வைப்பது?

பதில்: நியாயமான வாதம். தொடர்ச்சியாக என்று பார்த்தால் கிளிண்டன் ஏறக்குறைய 18 ஆண்டு, பிரான்ஸ்டட் 1983 முதல் 1999 வரை 16 ஆண்டு. அந்த வகையில் கிளிண்டன்தான் முன்னால் நிற்கிறார். மொத்தக் கணக்கில் பிரான்ஸ்டட். எந்தக் கணக்கு என்று சொல்லாமல் 'சாதனை' என்று எழுதாதீர்கள், இதை எல்லோருக்கும் சொல்கிறேன்.

கேள்வி: அந்தக் கிளிண்டன் பில் கிளிண்டனுக்கு உறவா?

பதில்: இல்லை.

கேள்வி: சீன அதிபர் அவருக்கு நண்பரா?

பதில்: 1985இல் ஷி ஜின்பிங் ஹெபெய் மாகாணத்தின் ஒரு மாவட்ட அளவு அதிகாரி. விவசாயம் பார்க்க அயோவாவுக்கு வந்த குழுவில் இருந்தார், மஸ்கடீன் நகரில் ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்கினார். பிரான்ஸ்டட் அப்போதே அவரைச் சந்தித்தார். 2012இல் ஷி துணை அதிபராக வந்தபோது மாநிலத் தலைநகர் டெமாய்னில் பிரான்ஸ்டட் விருந்து கொடுத்தார். அந்தப் பழக்கத்தாலேயே 2017இல் பெய்ஜிங்குக்குத் தூதராகப் போனார். ஆனால் 2018இல் அமெரிக்கச் சோயாவுக்குச் சீனா 25 சதவீதம் கூடுதல் வரி போட்டதை அந்த நட்பால் தடுக்க முடியவில்லை. அடி வாங்கியது அயோவா விவசாயி.

கேள்வி: தூதரானதும் அடுத்த கவர்னரை ட்ரம்ப் நியமித்தாரா?

பதில்: மறுபடியும் அதே கேள்வி. நியமனமே கிடையாது. 2017 மே மாதம் அவர் ராஜினாமா செய்ததும், துணைக் கவர்னராக இருந்த கிம் ரெனால்ட்ஸ் பதவியேற்றார். அயோவாவின் முதல் பெண் கவர்னர் அவர்.